உருளைக்கிழங்கு வாடல் நோய்: நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் எப்போது பயன் தரும்?

உருளைக்கிழங்கு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடம் வகிக்கும் நாடு இந்தியா. இப்பயிரைத் தாக்கும் நோய்களுள், தாக்கிய பின் மருந்தால் குணப்படுத்த இயலாதது பாக்டீரியா வாடல் நோய்.

ரால்ஸ்டோனியா சொலனசீரம் என்ற பாக்டீரியா வேர் வழியே நுழைந்து, நீரைக் கடத்தும் திசுக்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி பச்சையாகவே வாடும். நோயுற்ற தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழைகள் இறங்கும்.

எதிர் உயிரி மருந்துக்குக் கட்டுப்பாடு

பாக்டீரியா நோய்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவை பயன்பட்டு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கும் தரப்படும் மருந்து. வயல்களில் இதைத் தெளிப்பதால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகலாம் என்ற அச்சம் எழுந்தது. வேளாண்மையில் இக்கலவையைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது.

செயல்படும் முறை

மாற்று வழியாகக் கருதப்படுபவை சூடோமோனாஸ் புளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகிய நுண்ணுயிரிகள். இவை வேரைச் சுற்றிப் பெருகி, நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் கிடைக்காமல் தடுக்கின்றன. சூடோமோனாஸ், மண்ணிலுள்ள இரும்புச்சத்தைக் கவர்ந்துகொள்கிறது. பேசில்லஸ், கிருமியை அழிக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. செடியின் சொந்த எதிர்ப்பு ஆற்றலையும் இவை தூண்டுகின்றன.

சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், பேசில்லஸ் சப்டிலிஸின் பி5 என்ற வகையை வாடல் நோய்க்கு எதிராக ஆய்வு செய்துள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாஸின் பிஎஃப்1 வகையை உருவாக்கியுள்ளது. மண்ணில் இட, ஹெக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸை 50 கிலோ தொழுஉரத்துடன் கலப்பது பல பயிர்களுக்கும் பொதுவான பரிந்துரை.

கவனிக்க வேண்டியவை

இவை தடுப்புக்கு மட்டுமே உதவும்; வாடிய செடியை மீட்காது. எனவே விதைக்கிழங்கு நேர்த்தியின்போதோ, நடவின்போதோ இடுவது அவசியம். வாடல் நோய்க்கு எதிராக மண்ணில் இடப்படும் பிளீச்சிங் பவுடர், நன்மை செய்யும் நுண்ணுயிரிகளையும் அழிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்து இடக்கூடாது.

வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் விதைக்கிழங்கிலும் கிருமி மறைந்திருக்கலாம். அத்தகைய கிழங்கை நட்டால் நுண்ணுயிரிகளால் மட்டும் பயிரைக் காக்க முடியாது. நோயற்ற விதைக்கிழங்கு, நல்ல வடிகால், நோயுற்ற செடிகளை அகற்றுதல் ஆகியவையும் தேவை. இதே நோய்க்கு இலக்காகும் தக்காளி, கத்தரி, மிளகாயைத் தவிர்த்து, மக்காச்சோளம், கேழ்வரகு, பூண்டு போன்றவற்றைச் சுழற்சியில் பயிரிடுவது மண்ணில் கிருமியின் அளவைக் குறைக்கும்.