வரவு செலவுச் சமநிலைக் கடப்பாடு (இலங்கை)

அரசு ஓராண்டில் திரட்டும் வருமானத்துக்கு மேல் செலவிடலாகாது என்றோ, வருமானத்தை மிஞ்சும் செலவாகிய துண்டுவிழும் தொகை குறித்த எல்லையைத் தாண்டலாகாது என்றோ விதிக்கப்படும் கட்டுப்பாடே வரவு செலவுச் சமநிலைக் கடப்பாடு எனப்படும்.

பிரித்தானியர் ஆட்சியில் இக்கடப்பாடு தனிச்சட்டம் ஏதுமின்றியே கடுமையாக நடைமுறையில் இருந்தது. தீவு தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்பது இலண்டனின் கொள்கையாக இருந்தமையால், வருமானம் குறைந்த போதெல்லாம் சுமை குடிமக்கள் தலையில் இறங்கியது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள உப்புவெளியின் பெயரிலேயே தங்கியிருக்கும் உப்பு இதற்குக் கண்கூடான சான்றாகும்: உப்பு அரசின் தனியுரிமையாக இருந்ததால், கோடையில் உவர்நிலத்தில் தானாக விளைந்து வெண்மை படரும் உப்பை ஒருவர் அனுமதியின்றி அள்ளுவதும் குற்றமாயிற்று, உற்பத்தியாளரிடம் குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட உப்போ களஞ்சியத்திலிருந்து பலமடங்கு விலைக்கு விற்கப்பட்டது. கோப்பி விலை வீழ்ந்து வருமானம் சுருங்கியபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது வரி விதித்தமை 1848 இல் மாத்தளைக் கிளர்ச்சிக்கு வழிகோலியது. கணக்கு நேராவது மட்டும் நீதியாகாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

கையிருப்பின் அளவுக்கே நாணயம் வெளியிடும் நாணயச்சபை முறையும் அரசு பணம் அச்சிட்டுச் செலவிடுவதைத் தடுத்துவந்தது; 1950 இல் மத்திய வங்கி நிறுவப்பட்டபோது அத்தடை நீங்கியது. செலவைக் குறைக்க 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஹர்த்தால் என்னும் பொது வேலைநிறுத்தத்தின் பின்னர் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன்பின் வந்த அரசுகள் பல மானியத்தில் கைவைக்க அஞ்சிக் கடனை நாடின.

2003 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க அரசிறை முகாமைத்துவ (பொறுப்பு)ச் சட்டம், துண்டுவிழும் தொகையை 2006 இறுதிக்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 சதவீதத்துக்கும், அரச கடனை 2013 இறுதிக்குள் 60 சதவீதத்துக்கும் மேற்படாமல் கொண்டுவர வேண்டும் என விதித்தது. மீறுவோருக்குத் தண்டனை எதனையும் அது விதிக்கவில்லை. கடன் எல்லைக்கான காலக்கெடு 2013 திருத்தத்தால் 2020 வரை நீடிக்கப்பட்டது. 2020, 2021 ஆண்டுகளில் துண்டுவிழும் தொகை 10 சதவீதத்தைக் கடந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. தண்டனையற்ற சட்டமே இவ்வீழ்ச்சிக்கு இடங்கொடுத்தது.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகின்றது.