இத்தாலியப் பந்தய வண்டிகளும் அவற்றைச் சொல்லும் ஏடுகளும்

தாதர் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிய தமிழர் எவருக்கும் கருப்பும் மஞ்சளும் பூசிய பழைய பியட் டாக்ஸியை நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. 1964 முதல் பம்பாயில் உருவான பியட் 1100 டி வண்டியே பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பூண்டது. 2023 அக்டோபரில் அது அந்நகரின் டாக்ஸிப் பணியிலிருந்து விடைபெற்றது. பத்மினியின் எஞ்சின் உருளையின் குறுக்களவு 68 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 75. கொள்ளளவு 1,089 கன செண்டிமீட்டர். இவ்வெண்களைச் சற்றே நினைவில் இருத்திக் கொள்வோம்.

1937இல் பியட் தொழிற்சாலை இத்தாலியின் டூரின் நகரில் வெளியிட்ட 1100 வண்டியின் அளவுகளும் இவையே. போருக்குப் பின் அதே நகரில் பியரோ டூசியோ என்பவர் இந்த எளிய எஞ்சினுக்கு வலுவூட்டி, சிசிதாலியா என்ற பெயரில் பந்தய வண்டிகளைக் கட்டினார். 1947இல், ஐம்பத்து நான்கு வயதான தாசியோ நுவோலாரி அத்தகைய வண்டியொன்றில் ஏறி மில்லே மிலியாப் பந்தயத்தில் புகுந்தார். பிரேஷியா நகரில் தொடங்கி, ரோமாபுரியைத் தொட்டு, மீண்டும் பிரேஷியாவுக்கே திரும்பும் ஏறத்தாழ ஆயிரம் மைல் சாலைப் பந்தயம் அது. தம் வண்டியைவிடப் பன்மடங்கு வலிய வண்டிகளையெல்லாம் பின்தள்ளி நுவோலாரி முன்னே சென்றார். இறுதிக் கட்டத்தில் பெருமழை பிடித்துக் கொண்டது. எஞ்சினின் மின்பொறி அமைப்பில் நீர் புகுந்தது. போருக்கு முன் செய்யப்பட்ட ஆல்பா ரோமியோ 8சி 2900 வண்டியை ஓட்டிய பியோன்டெட்டி முதலிடம் பெற்றார்; நுவோலாரிக்கு இரண்டாம் இடமே வாய்த்தது.

இச்செய்திகளை நாம் எங்கே அறிகிறோம்? ஏடுகளில்தான். இத்தாலிய வேக வண்டிகளைப் பற்றிய நூல்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். வண்டியை வாங்க இயலாதவரின் ஆறுதல் விளையாட்டு இது என்று சிலர் நகைப்பர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1962 முதல் 1964 வரை பெராரி நிறுவனம் 36 மட்டுமே செய்த 250 ஜிடிஓ வண்டிகளில் ஒன்று 2018இல் நான்கு கோடியே எண்பத்து நான்கு லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் போன்றோர் அதன் படத்தைக் காண்பதோடு அமைய வேண்டியதுதான்!

ஆனால் அந்த விலைக்கு ஆதாரமே ஏடுதான் என்பதை நகைப்பவர்கள் மறந்து விடுகிறார்கள். பந்தய வண்டி என்பது ஓயாது உரு மாறும் பொருள். மோதி நொறுங்கினால் மேற்கூடு மாற்றுவார்கள். எஞ்சினைக் கழற்றி வேறொன்றில் பூட்டுவார்கள். பழையதாகிவிட்டால் எடைக்குப் போடுவார்கள். பின்னாளில் விலை ஏறியபோது, ஓர் எண் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழு வண்டியையே புதிதாய்ச் செய்து நிறுத்தியவர்களும் உண்டு. எது மெய், எது போலி என்று சொல்ல அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும், அவ்வெண் எந்த நாளில் எந்தப் பந்தயத்தில் ஓடிற்று என்னும் எழுத்துச் சான்றுமே வேண்டும்.

மிலான் நகரில் ஆல்பா ரோமியோவின் போர்ட்டெல்லோ ஆலை இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அந்நிறுவனத்தில் 1920இல் சேர்ந்து வரைவாளராகப் பணிபுரிந்த லூயிஜி பூஸி, 1910 முதல் அங்கே உருவான வண்டி வகைகளையெல்லாம் அளவுகளோடு தொகுத்து 1965இல் நூலாக்கினார். கதை சொல்லும் நூலன்று அது. எண்களும் படங்களுமே நிறைந்தது. ஆயினும் ஆல்பா நூல் சேர்ப்போர் அதனை நிகண்டு போல் போற்றுகின்றனர். சைமன் மூர் என்னும் ஆங்கிலேயர் வேறு வழி சென்றார். ஐம்பதுக்கும் குறைவாகவே பிறந்த 2900 வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யார் யார் கையில் இருந்தது, எங்கே ஓடிற்று என்று துருவி ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார். பின்னர் அதைத் திருத்திப் புதுப்பதிப்பும் கொணர்ந்தார். ஆகவே சேகரிப்பவர் பழைய பதிப்பையும் எறிவதில்லை. இரண்டையும் அருகருகே விரித்து வைத்தால்தான் எந்தச் செய்தி மாறிற்று என்பது விளங்கும்.

பெராரி நிறுவனம் தொடக்கக் காலத்தில் வீதி வண்டிகளுக்கு ஒற்றை எண்ணும் பந்தய வண்டிகளுக்கு இரட்டை எண்ணும் இடுவதை வழக்கமாகக் கொண்டது. பந்தயத்துக்கென்றே பிறந்த ஜிடிஓவுக்கோ ஒற்றை எண்! வீதி வண்டி வகுப்பில் அதனைப் பதிவு செய்திருந்தமையே காரணம். 1968இல் பிட்ஸ்ஜெரால்டும் மெரிட்டும் வெளியிட்ட பெராரி நூல் போன்றவற்றோடு பழகியவர்க்கே இத்தகைய நுட்பங்கள் புலப்படும்.

மில்லே மிலியாப் படங்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வண்டியின்மேல் எழுதிய எண்ணே அது புறப்பட்ட நேரத்தைக் குறித்தது. 1955இல் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய ஜெர்மானிய மெர்ஸிடிஸின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்தில் புறப்பட்டது என்பது பொருள். உடன் அமர்ந்த டெனிஸ் ஜென்கின்சன், ஏறக்குறைய 18 அடி நீளச் சுருளில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்து வளைவுகளைக் கைச்சாடையால் அறிவித்தார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் ஓட்டம் முடிந்தது. அவர் எழுதிய வருணனை ‘மோட்டார் ஸ்போர்ட்’ இதழில் அவ்வாண்டு ஜூனில் வெளிவந்தது. தடித்த அட்டையும் வண்ணப் படங்களும் கொண்ட நூல்கள் பலவற்றுக்கு அந்த ஒரே இதழை ஈடாக நாம் கொடுப்போம்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1957 மே 12ஆம் நாள். எண் 531 இட்ட பெராரி வண்டி குயிதிட்சோலோ என்னும் சிற்றூருக்கருகே டயர் வெடித்துச் சாலையோரக் கூட்டத்துள் பாய்ந்தது. ஓட்டிய அல்போன்சோ டி போர்ட்டாகோவும் துணைவர் எட்மண்ட் நெல்சனும் மாண்டனர். வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதிவேகப் பந்தயமாக மில்லே மிலியா அத்துடன் முடிவுற்றது. என்ஸோ பெராரியின்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1961இல் அவர் விடுதலையானார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயரை ‘எனது கொடிய மகிழ்ச்சிகள்’ எனத் தமிழாக்கலாம். மகன் டினோவை 1956இல் இழந்தவர், தம் வண்டிகளில் மாண்ட ஓட்டுநர்களை அறிந்தவர் வைத்த பெயர் அது.

அழகிய படங்களுக்காகவே அச்சிடும் நூல்கள் பலவற்றில் இந்நிகழ்ச்சி ஒரு வரியில் கடந்து விடுகிறது. டி போர்ட்டாகோ பெருங்குடிப் பிறப்பினர் என்பதால் அவரைப் பற்றிப் பக்கங்கள் உண்டு. வண்டியின் மாதிரி 335 எஸ் என்பதும் பிழையின்றி இருக்கும். சாலையோரத்தில் நின்றவர்களுக்குப் பெயரில்லை. அவர்களைத் தேட அந்நாளைய செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும். ஆதலால் நூல் சேர்ப்பவர் அலமாரியில் மங்கிய செய்தித்தாள் நறுக்குகளைக் கண்டால் நாம் அவரிடம் கூடுதல் மதிப்புக் கொள்கிறோம். வண்டியின் எண்ணை இறுதி இலக்கம்வரை சரிபார்க்கும் பொறுமை, மனிதரின் பெயருக்கு மட்டும் ஏன் இல்லாமற் போக வேண்டும்?

நிற்க. இவ்வேடுகளைக் காக்கும் பொது நிலையங்களும் உண்டு. கார்லோ பிஸ்கரெட்டி தி ருபியா 1930களிலிருந்து திரட்டிய வண்டிகளுக்கும் ஆவணங்களுக்குமாக டூரினில் எழுப்பிய அருங்காட்சியகக் கட்டடம் 1960இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமானார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமோ 1951இல் எட்டு மோட்டார் வண்டிகளைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தது. சிசிதாலியா அவற்றுள் ஒன்று. அக்காட்சிக்கென அச்சிட்ட மெல்லிய சிற்றேட்டை இன்றும் தேடுவோர் உளர்.

அந்தச் சிசிதாலியாவின் எஞ்சினுக்கு மூலமாய் நின்ற அளவுகள்தாம் முதலில் நாம் நினைவில் இருத்தியவை. பிரீமியர் பத்மினியோடு உரிமையாளருக்குத் தந்த கையேடு பம்பாய் நடைபாதைப் புத்தகக் கடையில் என்றேனும் கண்ணில் பட்டால், எஞ்சின் அளவுகள் அச்சிட்ட பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 68, 75 என்ற எண்கள் அங்கே இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த ஏடாதலால், கடைக்காரர் பழைய தாள் விலைக்கே அதைக் கொடுத்துவிடவும் கூடும்.