தஹாஃபுத்துல் ஃபலாசிஃபா

இமாம் கஸ்ஸாலி (1058–1111) அரபியில் எழுதிய தத்துவ மறுப்பு நூல். 'தத்துவவாதிகளின் முரண்பாடு' என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். பாக்தாத் நிஜாமிய்யா மதரசாவில் பேராசிரியராக இருந்தபோது, 1095 வாக்கில் இதை எழுதி முடித்தார்.

அரிஸ்டாட்டில் வழிவந்த ஃபாராபி, இப்னு சீனா ஆகியோரின் கொள்கைகளை 20 விவாதங்களில் நூல் சோதிக்கிறது. உலகம் அநாதியானது, இறைவன் பொருள்களைப் பொதுவாக மட்டுமே அறிவான், மறுமையில் உடல் எழுப்பப்படாது ஆகிய மூன்றை மட்டுமே குஃப்ர் (இறைமறுப்பு) என்கிறது. தர்க்கத்தையோ கணிதத்தையோ கஸ்ஸாலி தள்ளவில்லை. எதிராளியின் தர்க்கத்தைக் கற்றுத் தேர்ந்து, அதைக் கொண்டே அவரை மடக்கினார். நூலின் அழகே அதுதான்.

17-ஆம் விவாதம் மிகப் புகழ்பெற்றது. பஞ்சருகே நெருப்பைக் கொண்டுபோனால் பற்றிக்கொள்கிறது, கருகிச் சாம்பலாகிறது. கண் காண்பது என்ன? நெருப்பு தொட்டபோது பஞ்சு எரிந்தது, அவ்வளவுதான். நெருப்பே எரித்தது என்பதற்கு அந்தக் காட்சியில் சான்றில்லை. எரியச் செய்பவன் இறைவன். நேராகவோ, வானவர் வழியாகவோ. பழக்கத்தையே நாம் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூமும் இதையொத்த கேள்வியை எழுப்பினார்.

குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' என்ற நூலில், கஸ்ஸாலியின் வாசகங்களை எடுத்தெழுதி, பத்தி பத்தியாகப் பதில் சொன்னார். காரணத்தை மறுத்தால் அறிவுக்கே இடமில்லை என்பது அவர் வாதம்.

கஸ்ஸாலியோடு இஸ்லாமியத் தத்துவம் அணைந்துவிட்டது என்ற பழைய கூற்று தவறு. 13-ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி இப்னு சீனாவுக்கு உரை எழுதினார். 1259-இல் மராகாவில் வான்நோக்ககமும் அமைத்தார்.