திறக்கப்படாத பெட்டிகள்

கனடாவின் வின்னிபெக் நகரில் ஓர் ஆவணக் கிடங்கு. அங்கே ஏறத்தாழ 1,800 அட்டைப் பெட்டிகள் முப்பது ஆண்டுகளுக்கு அருகே பிரிப்பாரின்றிக் கிடந்தன. குடும்பங்கள் தம் கைப்பட நிரப்பிய வருமானப் படிவங்களும், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய கேள்வித்தாள்களும் அவற்றில் இருந்தன. எவ்வளவு சம்பாதித்தீர்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் நாம் வாய் திறக்கத் தயங்கும் கேள்விகளுக்கு அந்த மக்கள் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார்கள். வாங்கி வைத்த அரசு அவற்றைப் படிக்கவில்லை.

1974ல் கனடாவின் மத்திய அரசும் மனிடோபா மாகாண அரசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது மத்தியில் பியர் ட்ரூடோ, மாகாணத்தில் எட் ஷ்ரயர். செலவில் முக்கால் பங்கு மத்திய அரசினுடையது. ‘மின்கம்’ என்று பெயரிட்ட அந்தச் சோதனைத் திட்டம் உறுதியான அடிப்படை வருமானம் ஒன்றைக் குடும்பங்களுக்கு வழங்கியது. வின்னிபெக்கில் சில குடும்பங்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். வடமேற்கே உள்ள டாஃபின் என்ற விவசாயச் சிற்றூரில் அப்படியில்லை. ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் யாருடைய வருமானம் வரம்புக்குக் கீழே இறங்கினாலும் அவர் விண்ணப்பிக்கலாம்.

கணக்கு எளிது. வருமானமே இல்லாத குடும்பத்துக்கு, அரசு வகுத்த குறைந்த வருமான எல்லையில் 60 சதவீதம் கிடைக்கும். உழைத்து ஒரு டாலர் ஈட்டினால் உதவியில் ஐம்பது சென்ட் குறையும். ஆக, வேலைக்குப் போனவர் கையில் எப்போதும் கூடுதலாகவே நின்றது. மாதா மாதம் வருமானப் படிவம் அனுப்பினால் போதும். விளைச்சல் பொய்த்த சிறு விவசாயிக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது. கூலி வேலை பார்த்தும் பற்றாக்குறையில் தவித்தவருக்கு நலத்திட்டத்தில் இடமில்லை. அவர்களுக்கும் இந்தப் பணம் வந்தது.

ஆய்வாளர்களை அப்போது ஆட்டிப் படைத்த கேள்வி ஒன்றுதான்: கையில் காசு கொடுத்தால் ஏழை வேலையை விட்டுவிடுவானா? பரம்பரைச் சொத்தில் வாழ்பவரைப் பார்த்து எந்த அரசும் இப்படிக் கேட்டதில்லை. ஏழையிடம் மட்டும் முதலில் எழும் கேள்வியே சந்தேகத்தில் பிறந்ததாக இருக்கிறது. பசிக்காமல், வாடகைக்கு அஞ்சாமல் இருப்பதை உழைப்பை நிரூபித்த பிறகு தரும் பரிசாகவே நாம் இன்றும் கருதுகிறோம். உழைக்கவும் படிக்கவும் ஒரு நல்ல முடிவு எடுக்கவும் மனிதருக்கு முதலில் வேண்டியது அந்த அச்சமின்மை அல்லவா?

எழுபதுகளின் நடுவே விலைவாசி ஏறியது, வேலையின்மை பெருகியது. ஒதுக்கிய பணம் போதவில்லை. 1977ல் மனிடோபாவிலும் 1979ல் மத்தியிலும் ஆட்சி மாறியது. திட்டம் மூடப்பட்டது. இறுதி அறிக்கை எழுதப்படவில்லை. காகிதங்களைப் பெட்டிகளில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

வேலை பற்றிய தரவுகளில் ஒரு பகுதி மட்டும் கணினிக்கு ஏறியிருந்தது. டெரெக் ஹம், வெய்ன் சிம்ப்சன் என்ற பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஆண்களின் வேலைநேரம் ஒரு சதவீதம், மணமான பெண்களுடையது மூன்று சதவீதம், மணமாகாத பெண்களுடையது ஐந்து சதவீதம் குறைந்திருந்தது. அஞ்சியது இவ்வளவுதான். ஆனால் அது வெளிவந்தபோது கேட்பதற்கு ஆட்சியில் யாருக்கும் ஆர்வமில்லை.

எவலின் ஃபோர்ஜே மாணவியாக இருந்த எழுபதுகளிலேயே இந்தச் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டவர். மனிடோபா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியரான பின் அந்தப் பெட்டிகளைத் தேடிப் போனார். இடத்தை அடைக்கின்றன, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கிடங்கில் யோசித்துக்கொண்டிருந்தார்களாம். பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் வெறும் தாள்கள். அத்தனையையும் கணினியில் ஏற்றுவது ஒருவரால் ஆகிற வேலையா? அவர் வேறு வழி கண்டார். மனிடோபாவில் அதற்கு முன்பே அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு வந்திருந்ததால் ஊர் மக்களின் மருத்துவமனைப் பதிவுகள் பத்திரமாக இருந்தன. டாஃபின்வாசிகளின் பதிவுகளை அவர்களைப் போன்ற பிற ஊர்க்காரர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்.

2011ல் முடிவு வெளியானது. திட்டத்துக்கு முன் டாஃபின்வாசிகள் மற்றவர்களைவிட 8.5 சதவீதம் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். திட்டம் முடிவதற்குள் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. விபத்து, காயம், மனநலக் கோளாறு ஆகியவற்றில்தான் குறைவு தெளிவாகத் தெரிந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான பன்னிரண்டுக்குப் போகும் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். பதினாறு வயதுப் பையனை வேலைக்கு அனுப்பாமல் இன்னும் ஓராண்டு படிக்க வைக்க ஒரு வீட்டால் முடிந்திருக்கிறது. சோம்பல் கணக்கில் எழுதப்பட்ட வேலைநேரக் குறைவில் இந்தப் பையனும் இருக்கிறான், பச்சைக் குழந்தையை விட்டு வேலைக்கு ஓடாமல் வீட்டில் இருந்த தாயும் இருக்கிறாள்.

அதன் பிறகு பெட்டிகளே பேசத் தொடங்கின. டேவிட் கால்னிட்ஸ்கி என்ற சமூகவியலாளர் ஆவணக் காப்பகத்தில் இருந்த பதில்களைப் படித்தார். நலத்திட்ட உதவியை வாங்குவதில் இருந்த கூச்சம் மின்கம் பணத்தில் இல்லை என்று அந்த மக்கள் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கக்கூடிய பணம் அது. வாங்குவதற்காக நல்லவன் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதே டாஃபினில் வேலைக்குப் போவோர் விகிதம் ஏறத்தாழ 11 சதவீதப் புள்ளி குறைந்தது என்றும் அவரது இன்னோர் ஆய்வு சொல்கிறது. அடிப்படை வருமானத்தை ஆதரிப்பவர்கள் அந்த எண்ணை மறைக்கக் கூடாது. நோயாளியும் முதியவரைப் பராமரிப்பவரும் படிக்க விரும்பும் இளைஞரும் எந்த நிலையிலும் கூலிக்கு ஓட வேண்டும் என்பதுதான் நமக்கு வேண்டிய சமூகமா என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

டாஃபினின் கதை ஒண்டாரியோ மாகாணத்தையும் அசைத்தது. 2017ல் ஹாமில்டன், தண்டர் பே, லிண்ட்சே ஆகிய இடங்களில் ஏறத்தாழ 4,000 பேருடன் ஒரு சோதனை தொடங்கியது. மூன்றாண்டு நடக்க வேண்டியது. 2018ல் வந்த புதிய அரசு அதை நிறுத்துவதாக அறிவித்தது. 2019 மார்ச்சோடு பணம் நின்றது. மூன்றாண்டை நம்பிக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

ஆனால் இந்த முறை பதில்களை யாரும் பெட்டியில் பூட்ட முடியவில்லை. மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஹாமில்டனின் வறுமை ஒழிப்பு அமைப்பினரும் தாங்களே பயனாளிகளைத் தேடிப் போனார்கள். 217 பேர் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். பலருக்கு உடல்நலமும் மனநலமும் தேறியிருந்தன. அந்த அறிக்கை 2020 மார்ச்சில் அச்சேறியது.