ஒளிஞ்சு நின்னு 'ஸ்பீடு கன்' பிடித்தால் விபத்து குறையுமா? ஜிஎஸ்டி சாலை முதல் நியூசிலாந்து வரை... ஆய்வுகளும் சட்டமும் சொல்வது என்ன?

தாம்பரத்தைத் தாண்டி இரும்புலியூர், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் வழியாக வண்டலூர் நோக்கிப் போகும் ஜிஎஸ்டி சாலை. ரோடு கொஞ்சம் காலியாக இருக்கிறது. கார்கள் சர்ரென்று பறக்கின்றன. தூரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட் தெரிகிறது. அவ்வளவுதான். முன்னால் போன கார் சட்டென்று பிரேக் அடிக்க, பின்னால் வந்த டூவீலர்காரர் தடுமாறி ஒதுங்க, எல்லோரும் திடீரென்று உத்தமர்களாகி விடுகிறார்கள். போலீஸைக் கடந்து 500 மீட்டர் போனதும் பழைய வேகம் திரும்பி விடும்.

இதைப் பார்க்கும் யாருக்கும் வரும் சந்தேகம்தான்: போலீஸ் கண்ணில் படாத மாதிரி மரத்தடியிலோ, மேம்பாலத் தூண் பின்னாலோ நின்று வேகத்தை அளந்தால் என்ன? 'தெரியுற இடத்துல நின்னா அங்க மட்டும்தானே ஸ்லோ பண்றாங்க' என்பது ஒரு தரப்பு. 'ஒளிஞ்சு நின்னு பிடிக்கிறது விபத்தைத் தடுக்க இல்ல, வசூலுக்குத்தான்' என்பது இன்னொரு தரப்பு. டீக்கடையில் முடிவே வராத இந்த விவாதத்துக்கு, உலகில் சில இடங்களில் நிஜமாகவே சோதனை நடத்தி விடை தேடியிருக்கிறார்கள்.

பீர்க்கன்கரணையில் வேகம் ஏன் பிரச்னை?

பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் அதன் நடுவே ஓடும் சாலை இன்னமும் தென் மாவட்டங்களுக்கான நெடுஞ்சாலைதான். மதுரை, திருச்சி பக்கமிருந்து வரும் பஸ்ஸும் லாரியும், பெருங்களத்தூரில் தொடங்கி புழல் வரை போகும் சென்னை பைபாஸ் வாகனங்களும், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கான போக்குவரத்தும் இந்த வட்டாரத்தில்தான் சேர்கின்றன. அதே சாலையைத்தான் பால் வாங்கப் போகிறவரும், பள்ளிக்குப் போகிற பிள்ளையும் குறுக்கே கடக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று, நான்கு மணி நேரம் 90, 100 கி.மீ. வேகத்தில் ஓட்டி வந்தவருக்கு 60 கி.மீ. என்பது ஊர்ந்து போவது போலத் தோன்றும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காவிட்டால், 'மெதுவாத்தான் போறேன்' என்று நினைத்துக்கொண்டே 80-ல் போய்க்கொண்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணும் மூளையும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டன.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் நகரும். 80-ல் போனால் 22 மீட்டர். ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடிவிடுகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் உயரும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 10-ல் 7 மரணங்களுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் பதிவாகியுள்ளன. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்துப் பதிவேட்டில் 'அதிவேகம்' என்று எழுதுவது போலீஸுக்கு ரொம்ப சுலபமான காரணம் என்பதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழி, வெளிச்சமின்மை, கடக்க வழியில்லாத சாலை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ளும்.

நியூசிலாந்து செய்த சோதனை

மறைத்து வைப்பது மேலா, தெரியும்படி வைப்பது மேலா? நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகள் உலகில் மிகக் குறைவு. அதில் அதிகம் பேசப்படுவது நியூசிலாந்து. 1997-ன் நடுவில், அந்நாட்டின் நான்கு போலீஸ் மண்டலங்களில் ஒன்றில் மட்டும், 100 கி.மீ. வரம்புள்ள சாலைகளில் கேமராக்களை மறைத்து வைத்தார்கள். மற்ற மண்டலங்களில் வழக்கம்போல எல்லோருக்கும் தெரியும்படியே கேமரா இருந்தது.

இரண்டு ஆண்டு முடிவில் கிடைத்தது என்ன? மறைவு கேமரா இருந்த மண்டலத்தில், மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், விபத்துகள் சுமார் 11 சதவீதமும், காயமடைந்தவர்கள், இறந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 19 சதவீதமும் குறைந்தன. இந்தக் குறைவு கேமரா இருந்த பகுதியில் மட்டும் இல்லை, அந்த மண்டலத்தின் 100 கி.மீ. சாலைகள் முழுக்கவே தெரிந்தது. இதுதான் முக்கியம். 'எங்கே இருக்குன்னு தெரியல' என்ற நினைப்பு, கேமரா இல்லாத இடத்திலும் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வைத்திருக்கிறது.

ஆரம்பத்தில் மக்களுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச காலத்தில் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அப்போ விடை கிடைச்சிடுச்சா? முழுசா இல்லை. கேமராவை மறைத்ததோடு அங்கே விளம்பரமும் செய்தார்கள். அபராத நோட்டீஸ்களும் பல மடங்கு பறந்தன. விபத்து குறைந்தது மறைத்ததாலா, அபராதம் கூடியதாலா என்று பிரிப்பது கஷ்டம். அதைவிட ஒன்றைக் கவனியுங்கள்: கேமரா எங்கே என்பதுதான் ரகசியமே தவிர, கேமரா இருக்கிறது என்பது ரகசியமே இல்லை. யாருக்கும் சொல்லாமல் மரத்தடியில் நிற்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 1990-லிருந்து இதே பாணிதான்: அடையாளம் தெரியாத வண்டிகளில் நகரும் கேமரா, கூடவே டிவியில் அதிரவைக்கும் விளம்பரங்கள். 1989-ல் 776 ஆக இருந்த சாலை மரணங்கள் அடுத்த ஆண்டே 548 ஆகின. ஆனால் அதே காலத்தில் குடிபோதை சோதனையும் தீவிரமாக நடந்ததால் எல்லாப் புகழும் கேமராவுக்கே என்று சொல்ல முடியாது.

பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்தால்?

பிரிட்டன் நேரெதிர் வழியில் போனது. 'பணம் பறிக்கிறாங்க' என்ற குற்றச்சாட்டு பெரிதானதால், 2000-களின் தொடக்கத்தில் கேமரா பெட்டிகளுக்கு மஞ்சள் நிறம் அடித்து, தூரத்திலிருந்தே தெரியும்படி வைத்தார்கள்.

அங்குள்ள சுமார் 2,500 கேமராக்களை வைத்து லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது இது: கேமராவைச் சுற்றி 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 சதவீதம் வரையும், உயிரிழப்பு 58 முதல் 68 சதவீதம் வரையும் குறைந்தன. பிரமாதம்தான். ஆனால் கேமராவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் விபத்துகள் மறுபடி ஏறத் தொடங்கின. ஜிஎஸ்டி சாலையில் வெள்ளைச் சட்டையைக் கடந்ததும் நடப்பதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறார்கள்!

ஆக, தெரியும் கேமரா ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காப்பாற்றும். தொடர்ந்து ஆட்கள் அடிபடும் ஒரு ஜங்ஷன், பள்ளிக்கூட வாசல் என்றால் அதுதான் பொருத்தம். அங்கே பிடிபட வைப்பது நோக்கமில்லை, மெதுவாகப் போக வைப்பதே நோக்கம். நீளமான சாலை முழுக்க வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அது போதாது. எங்கே என்று தெரியாத நிச்சயமின்மை தேவைப்படுகிறது. தெரியுதோ தெரியலையோ, கேமரா இருந்தால் பலன் உண்டு என்பதில் மட்டும் சந்தேகமில்லை: 2010-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், விபத்துகளைக் கணக்கிட்ட 28 ஆய்வுகளிலும் கேமரா வந்தபின் விபத்து குறைந்தே இருந்தது.

ஒளியாமலேயே அந்த நிச்சயமின்மையை உண்டாக்கவும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரோந்து வண்டி எந்தச் சாலையில், எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போலீஸ் வண்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் நின்றது. ஆனால் நாளைக்கு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உயிரிழப்பு விபத்துகள் 31 சதவீதம் குறைந்ததாக ஆய்வு கூறியது. நம்ம ஊரில் தினமும் அதே பாலத்தடி, அதே நேரம். கூகுள் மேப்ஸே முன்கூட்டி எச்சரிக்கும் நிலையில், நிரந்தர இடத்தில் ஒளிந்து நிற்பதில் ஒளிவே இல்லை.

இந்தியச் சட்டம் ஒளிந்து பிடிக்க அனுமதிக்கிறதா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு, மின்னணு முறையில் சாலைகளைக் கண்காணிக்கச் சொல்கிறது. அதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஸ்பீடு கேமரா மட்டுமல்ல, ஸ்பீடு கன், சிசிடிவி, போலீஸ் உடலில் மாட்டும் கேமரா எல்லாமே இந்த விதிக்குள் வருகின்றன.

கருவி பொருத்தப்பட்ட பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை எடுப்பாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது விதி. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். விபத்து ஆபத்தும் நெரிசலும் அதிகமுள்ள நெடுஞ்சாலைப் பகுதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

நன்றாகப் படித்தால், 'இந்தப் பகுதி கண்காணிப்பில் உள்ளது' என்று சொல்வதுதான் கட்டாயம். கேமராவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து எல்லோருக்கும் காட்டச் சொல்லவில்லை. அதாவது பலகை தெரிய வேண்டும், கருவி அந்தப் பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நியூசிலாந்துச் சோதனை காட்டிய பாதைக்கு இது ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது. பலகையே இல்லாமல் மறைந்து நின்று பிடிப்பது மட்டும்தான் இந்த விதியின் நோக்கத்துக்கே முரணானது.

இந்த விதியைச் செயல்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு பிறந்த வழக்கு ஒரு தமிழர் போட்டது. சாலை விபத்தில் நொறுங்கிய எலும்புகளைச் சரிசெய்தே பழகிய கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012-ல் தாக்கல் செய்த பொதுநல மனு அது.

வரம்பே நியாயமாக இல்லாவிட்டால்...

கேமராவைப் பற்றிப் பேசும்போது வேக வரம்பைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது. 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 கி.மீ., இரவில் 50 கி.மீ.க்கு மேல் போனால் ரேடார் மூலம் அபராதம் என்று தகவல் வந்ததும் நகரமே கொந்தளித்தது. சைக்கிளிலா போறதுன்னு மீம்ஸ் பறந்தன. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு, நவம்பரில் புதிய வரம்புகள் வந்தன: கார்களுக்கு 60, டூவீலருக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30 கி.மீ.

இவை சென்னை பெருநகர போலீஸ் எல்லைக்கானவை. பீர்க்கன்கரணை இருப்பது 2022-ல் உருவான தாம்பரம் காவல் ஆணையரக எல்லையில். எனவே அங்கே சாலையோரப் பலகையில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு. பலகை மரக்கிளைக்குப் பின்னாலும், அரசியல் பேனருக்குப் பின்னாலும் மறைந்திருந்தால், போலீஸ் ஒளிந்திருப்பதை விட அதுதான் பெரிய அநியாயம்.

இன்னொரு தொழில்நுட்பம் இந்தச் சண்டையையே தேவையில்லாமல் ஆக்குகிறது. ஒரு சாலையின் இரு முனைகளிலும் கேமரா வைத்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தை வைத்து சராசரி வேகத்தைக் கணக்கிடுவது. இதில் கேமராவைப் பார்த்து பிரேக் அடித்துப் பயனில்லை. பிரிட்டனில் இந்த முறை வந்த சாலைகளில் உயிரிழப்பு, கடுமையான காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 36 சதவீதம் குறைந்ததாக ஆர்ஏசி அறக்கட்டளையின் 2016 ஆய்வு கூறியது. ஆனால் நடுநடுவே சர்வீஸ் ரோடு, சிக்னல், பஸ் ஸ்டாப் என்று வண்டிகள் நிற்கும், பிரியும் பெருங்களத்தூர் பகுதியை விட, சென்னை பைபாஸ் போன்ற தடையில்லாச் சாலைக்கே இது அதிகம் ஒத்துவரும்.

இ-சலான் வந்துவிட்டால் என்ன பார்க்க வேண்டும்?

183-வது பிரிவின்படி அதிவேகத்துக்கான அபராதம் இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. 'அவர் வேகமாப் போன மாதிரி தெரிஞ்சுது' என்று ஒருவர் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து தண்டிக்க முடியாது, கருவியின் அளவீடு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நோட்டீஸ் சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் வர வேண்டும். அதில் வண்டியின் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, நம்பரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடத்தின் பெயரைப் பார்த்து, அங்கே எச்சரிக்கைப் பலகையும் வேக வரம்புப் பலகையும் இருக்கின்றனவா என்று அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது கவனியுங்கள். இல்லையென்றால் பரிவாஹன் இ-சலான் தளத்தில் புகார் தரலாம், நீதிமன்றத்திலும் முறையிடலாம். பலகை இருந்து, வேகமும் சரியாக இருந்தால் அபராதத்தைக் கட்ட வேண்டியதுதான்.