ஒரு பிளாப்பி, மூன்று பூட்டு

கோவை ஆர்.எஸ்.புரத்தில் வீடு காலி செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவர், பரணிலிருந்து இறக்கிய ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். உள்ளே ஏழு பிளாப்பிகள். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ரிடையரான பிறகு 1997 வாக்கில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கொடுமுடிப் பக்கத்துச் சொந்த ஊரின் கதையை எழுதிக்கொண்டிருந்தாராம். குலதெய்வம், கிணறு வெட்டிய கதை, யார் யாருக்குப் பங்காளி, எல்லாம். அச்சுக்குப் போகுமுன் அவர் போய்விட்டார். காகிதத்தில் ஒரு வரி இல்லை.

"ஏனுங்க, எங்கப்பா எழுதுனது பூரா இதுக்குள்ளதான் இருக்குது. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க" என்றார்.

எடுப்பதற்கு மூன்று பூட்டுகளைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் பூட்டு சுலபம். யு.எஸ்.பி.யில் செருகும் பிளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஏழில் ஆறு படித்தன. ஏழாவது, அதற்குள் பூஞ்சை குடியேறி ரொம்ப நாளாகிவிட்டது. ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது.

இரண்டாவது பூட்டு, ஃபைல்கள் எல்லாமே சுருக்கப்பட்டிருந்தன. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பிகே', அதற்குப் பிறகு ஒரே குப்பை. அந்த 'பிகே'யைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அது ஓர் ஆளின் இனிஷியல்.

ஃபில் காட்ஸ். அமெரிக்காவில் மில்வாக்கிக்காரர். 1980களில் டெலிபோன் வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டபோது, ஃபைல் எவ்வளவு பெரிசோ அவ்வளவு போன் பில். அதனால் சுருக்கி அனுப்பினார்கள். அதற்கு அப்போதைய ராஜா, எஸ்.இ.ஏ. என்ற சின்னக் கம்பெனியின் 'ஆர்க்'. காட்ஸ் அதையே இன்னும் வேகமாக எழுதி வெளியிட, 1988ல் கேஸ் போட்டார்கள். எழுத்துப்பிழைகள்கூட அப்படியே காப்பியாகியிருந்தன என்று சொல்வார்கள். காட்ஸ் பணம் கட்டிச் சமரசமானார். ஆனால் வேடிக்கை பார்த்த ஜனங்களின் அனுதாபம் என்னவோ அவர் பக்கம்தான். 1989ல் 'ஜிப்' என்று புதிய அமைப்பைக் கொண்டுவந்தார். அதைவிட முக்கியம், அது எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டார். 2000 ஏப்ரலில், 37 வயதில், ஒரு மோட்டல் அறையில் குடியால் இறந்துகிடந்தார். உங்கள் வேர்டு டாக்குமென்டுக்கு இன்று 'டாக்எக்ஸ்' என்று வால் இருக்கிறதல்லவா, அதுவும் உள்ளே ஒரு ஜிப்தான். அதைப் பிரித்துப் பார்த்தாலும் முதலில் அவர் இனிஷியல்தான் வரும்.

தத்துவம் நாம் தந்தியில் செய்ததுதான். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, எப்போதாவது வருவதற்கு நீளக் குறி. இது 1952ல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட வழி. எம்.ஐ.டி.யில் பரீட்சைக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று வாத்தியார் சொல்ல, அதற்காக உட்கார்ந்து யோசித்தது. இன்னொரு பாதி, 1977ல் இஸ்ரேலின் லெம்பெலும் ஜிவும் தந்தது: ஒரு சொல் திரும்ப வந்தால் மறுபடி எழுதாதே, 'மேலே பார்' என்று மட்டும் குறித்துவை.

1995 ஆகஸ்ட் 15ல் இன்டர்நெட் வந்தபோது சென்னைக்கு வந்தது, கோவைக்கு வரவில்லை. இங்கே இந்த ஜிப் பிரிக்கும் சாமானெல்லாம் கை மாறிக் கை வந்தது. யாராவது பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து எடுத்து, பிளாப்பியில் போட்டு, காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுபோவார்கள். அந்தப் பிளாப்பி ஒருநாள் வெயிலில் கிடந்தால் போச்சு.

காட்ஸ் மறைக்காமல் எழுதி வைத்ததால் இரண்டாம் பூட்டு ஒரு நிமிஷத்தில் திறந்தது. மூன்றாவதுதான் நம்முடையது. நாமே போட்டுக்கொண்ட பூட்டு.

ஃபைலைத் திறந்தேன். வெறும் ஆங்கில எழுத்துகள். என், எஃப், எச், எல், கே, பி. எந்த எழுத்துரு என்ற குறிப்பும் இல்லை. நண்பர் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, பூச்சி பூச்சியா இருக்குது?"

90களில் தமிழுக்கு எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளைத் தங்களுக்குத் தோன்றிய அறையில் வைத்தார்கள். அ என்பது ஒருவருக்கு 171ஆம் அறை, இன்னொருவருக்கு வேறு. வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய 'திஸ்கி'யில் 'தமிழ்' என்று அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு முக்கால் குறி, தலையில் கோடு போட்ட ஏ, ஒரு சென்ட் குறி, ஒரு யூ வரும். அதே சொல் 'பாமினி' எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று தரம் நிர்ணயித்தது. பலன்? ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன.

தீர்ப்பு, எங்கள் ஊரில் சொல்லப்பட்டது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் செம்மொழி மாநாடு. அவிநாசி ரோட்டில் கொடிசியா வளாகம். ஊர்வலத்தையும் கூட்டத்தையும் பார்த்தவர்கள் பல லட்சம். பக்கத்திலேயே தமிழ் இணைய மாநாடு நடந்ததைக் கவனித்தவர்கள் கொஞ்சம். ஆனால் மாநாடு தொடங்கிய அதே 23ஆம் தேதியிட்ட அரசாணைதான் யூனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. கூடவே, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அறை தரும் 'டேஸ்-16' மாற்று ஏற்பாடாக.

யூனிகோடில் தமிழ் 1991லேயே இருந்தது. அரசாங்கம் சொல்வதற்குள் வலைப்பதிவர்கள் மாறிவிட்டிருந்தார்கள். இருந்தாலும் அலுவலகங்கள் மாற ஒரு தாள் வேண்டியிருந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு குறை நியாயமானது. 'கோயமுத்தூர்' திஸ்கியில் 8 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8ல் 33 பைட்! நான்கு மடங்கு. ஆனால் அந்த 33ல், ஒவ்வொரு மூன்றின் முதல் பைட்டும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைத்தானே ஜிப் விழுங்கும்? அந்தச் சுமையில் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிடுகிறது.

சரி, செருப்புப் பெட்டிக்கு வருவோம். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. எந்தக் குறிமுறை என்று சொன்னால் அவை மாற்றிக் கொடுக்கும். எந்தக் குறிமுறை என்று யார் சொல்வது?

நண்பரின் அக்கா சொன்னார். காப்பி கொண்டுவந்தவர், திரையை எட்டிப் பார்த்து, தட்டை வைத்துவிட்டு, மேஜை மேல் விரல்களை வைத்தார். அந்தக் காலத்தில் தமிழ் டைப்பிங் லோயர் பாஸ். பாமினி எழுத்துரு, பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைகளின் வரிசையைத்தான் பெரும்பாலும் பின்பற்றியது. அதாவது அந்தக் குப்பை, அவர் அப்பாவின் விரல்கள் போன வழி.

விரல்கள் அசைந்தன. கொம்பு, க, கால், டு, மு, டி.

"கொடுமுடின்னு போட்டிருக்குதுடா" என்றார்.

ஏழாவது பிளாப்பியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. ஊர்க்கதை, கிணறு வெட்டித் தண்ணீர் வரும் இடத்தில் நிற்கிறது.