ஸ்வால்பார்டு அசுவினியில் வடிவமும் பிறப்பு வரிசையும்

அக்கிர்தோசிஃபான் ஸ்வால்பார்டிகம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கே உரிய அசுவினி. 1968இல் ஹெய்கின்ஹெய்மோ இதைத் தனி இனமாக விவரித்தார். எட்டிதழ் வெள்ளைப் பூப் பூக்கும் டிரையாஸ் என்னும் குறுஞ்செடியின் சாற்றை உறிஞ்சி இது வாழ்கிறது. இதன் வடிவங்களை உடற்கூற்று அளவுகளை மட்டும் கொண்டு விவரித்தால் பாதி வேலைதான் முடிகிறது. எந்த வடிவம் எந்தத் தலைமுறையில், எந்த வரிசையில் பிறக்கிறது என்பதும் விவரிப்பின் பகுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மிதவெப்ப நாடுகளின் அசுவினியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இதே பேரினத்தைச் சேர்ந்த பட்டாணி அசுவினி, கோடை முழுவதும் ஆணின்றியே தலைமுறை தலைமுறையாகக் குட்டி போடுகிறது. இலையுதிர்காலத்தில் பகல் குறுகும்போதுதான் ஆணும் முட்டையிடும் பெண்ணும் தோன்றுகின்றன. ஸ்வால்பார்டில் அந்த அறிகுறிக்கு வழியில்லை. 79 பாகை வடக்கை ஒட்டிய நீ-ஒலெசுண்டில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. பகல் குறையட்டும் என்று காத்திருக்கும் அசுவினியை அதற்குள் குளிர் முந்திவிடும்.

ஆகவே இங்கே சுழற்சி சுருங்கியிருக்கிறது. பனி உருகியதும் முட்டையிலிருந்து வெளிவரும் முதல் தாய், ஆண்களையும் முட்டையிடும் பெண்களையும் நேரடியாகவே ஈனுகிறது. 1993இல் ஸ்ட்ராத்டீயும் உடனாய்வாளர்களும் இதை வெளியிட்டபோது, பகலின் நீளத்துக்குக் கட்டுப்படாத மரபுவழித் திட்டம் என்றே இதை விளக்கினர். முதல் தாய் இவற்றோடு குட்டி ஈனும் பெண்கள் சிலவற்றையும் பெறுகிறது. அவை தம் பங்குக்கு இன்னொரு தொகுதி ஆண்களையும் முட்டையிடும் பெண்களையும் ஈனுகின்றன.

கண்ணாடித் தகட்டில் பதித்த மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். முட்டையிடும் பெண்ணின் பின்காலில் டிபியாக் கணு தடித்து, ஆணை ஈர்க்கும் ஃபெரோமோனைச் சுரக்கும் வட்டத் தடங்கள் நிறைந்திருக்கும். வயிற்றில் கருவுணவு நிறைந்த பெரிய முட்டைகள் சில. குட்டி ஈனும் பெண்ணுக்குப் பின்கால் மெலிது. முதிர்ந்த கருக்களின் கண்புள்ளிகள் வயிற்றுத் தோலினூடே தெரியும். இவ்விரண்டையும் பிரிப்பதில் சிக்கலில்லை. ஆனால் முதல் தாயும் அதன் குட்டி ஈனும் மகளும் எதிரெதிரே நிற்கும்போது, சேகரித்த நாளும் செடியின் பருவமும் குறிப்பில் இல்லாவிட்டால் அளவுகோல் மட்டும் போதாது. இருவரும் மரபணுவில் ஒன்றே. முட்டையிடும் மகளும் அப்படித்தான். ஆணுக்கு மட்டும் ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவு. பெண்களிடையே காணும் வேறுபாடு பரம்பரை வேறுபாடு அன்று; ஒரே திட்டத்தின் வெவ்வேறு வெளிப்பாடு.

எண்ணிக்கையில் அற்பமான அந்தக் குட்டி ஈனும் மகள்களை மூதாதையரின் எச்சம் என்று ஒதுக்கலாமே என்பார் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வெறும் எச்சமாக இருந்தால் கோடையின் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் முட்டைக் கணக்கில் பெரிய மாற்றம் வரக் கூடாது. ஸ்வால்பார்டில் செடிகளின் மேல் கூடாரம்போன்ற மூடிகளைக் கவிழ்த்துச் சராசரி வெப்பநிலையை 2.8 பாகை செல்சியஸ் உயர்த்தினர். கோடை முடிவில் குளிர்காலத்தைக் கடக்க வேண்டிய முட்டைகள் பதினோரு மடங்கு பெருகின! செடியும் பூச்சியும் முன்கூட்டியே பருவமடைந்ததும் இதற்குக் காரணம்தான். ஆனால் கூடுதல் தலைமுறை ஒன்றை ஓட்டிமுடிக்க அவகாசம் கிடைத்தால்தான் இத்தகைய பெருக்கத்துக்கு இடமுண்டு. அந்தத் தலைமுறைக்குத் தாய்மார் இந்தச் சில மகள்களே. குளிர்ந்த கோடையில் அவர்களின் பிள்ளைகள் முட்டையிடும் முன்பே அழிந்தாலும், முதல் தாய் நேரே ஈன்ற மகள்களின் முட்டைகள் மிஞ்சும். இழப்பு சிறிது, வாய்த்தால் ஆதாயம் பெரிது.

பனி எப்போது விலகுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். மெல்லிய பனி படியும் மேட்டில் செடி முன்னதாகவே வெளிப்படும். பள்ளத்தில் பல நாள் பிந்தும். எனவே ஒரே நாளில், சில அடி தூரத்தில், ஒரு செடியில் முதல் தாயும் மற்றொன்றில் அதன் மகள்களும் கிடைக்கலாம். நாளை மட்டும் எழுதி, அந்த இடத்தில் பனி விலகிய காலத்தை எழுதாத குறிப்பு இங்கே பயன்படாது.

2008இல் வெளியான ஒரு கட்டுரை இந்த இனத்தின் இறக்கையுள்ள வடிவத்தையும் ஆவணப்படுத்தியது. இறக்கை உண்டு என்று பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது எளிது. அது எந்தத் தாயின் எத்தனையாவது பிள்ளையாகப் பிறக்கிறது, அதன் வயிற்றில் இருப்பது ஆணா, முட்டையிடும் பெண்ணா, குட்டி ஈனும் பெண்ணா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரி விவரிப்பாகும்.